பால் கட்டிய நாட்கள்

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது, அவளை நாமக்கல்லில் அக்காவிடம் விட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கு வந்தேன். பொதி சுமக்கும் குதிரைகளுக்கு வரும் இரத்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி. ஆறு வாரம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

முதல் வாரமே ஆராய்ச்சிக் குழுவோடு, மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கிப் போனோம். அந்த ஊர் வழக்கப்படி எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அங்கிருந்த குதிரைகளுக்கெல்லாம் இரத்தம் எடுத்தேன். ஒரு மட்டக்குதிரை மட்டும் கால் வீங்கி, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மூன்று மாதக் குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கிருமிகள் நெளிந்தன. குட்டியின் இரத்தத்தில் எதுவும் இல்லை.

கடிக்கிற ஈக்கள்தான் இந்த நோயை ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. ஊசி போட்டுக் காய்ச்சல் தணிந்ததும், தாயை மட்டும் மெதுவாக மேலே நடத்திவந்து, கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் கொசுவலை அடித்த ஒரு கொட்டிலில் கட்டினோம். குட்டியைப் பிரிக்கச் சொன்னது நான்தான்.

குதிரையை வளர்த்த பெண் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாரம் இருமுறை வெள்ளகவியிலிருந்து மலையேறி வருவார். இரண்டாம் முறை வந்தபோது குதிரை பாதையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தது. காம்பிலிருந்து பால் சொட்டியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கோட்டின் முன்பக்கத்தில் படர்ந்திருந்த ஈரத்தைப் பார்த்தார்.

“டாக்டரம்மா, ஒங்களுக்கும் கைப்புள்ள இருக்குங்களா?”

தலையசைத்தேன்.

“வலிக்குமேங்க. மல்லியப்பூவ வச்சுக் கட்டுங்க. வெரசா வத்திரும்.”

“வத்திடக் கூடாதுங்க” என்றேன். “போய்க் குடுக்கணும்.”

அவர் குதிரையின் மடியைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப விடாம பீச்சிக்கிட்டே இருங்க. இவளுக்கும் அப்படித்தான? அங்க குட்டி மாட்டுப்பால குடிச்சிட்டுக் கெடக்கு. ஆத்தா வந்தா குடிக்க இருக்கணும்ல.”

அன்றே எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். குதிரையின் விலாவில் தோளைச் சாய்த்து, இரண்டு விரலால் இழுக்க வேண்டும். முதல் சில நாட்கள் உதைக்கப் பார்த்தது. பிறகு நான் வந்தாலே அசையாமல் நிற்கும். மருந்து ஏறிய பால் என்பதால் எல்லாவற்றையும் குழியில் ஊற்றினேன். கதவைச் சாத்திக்கொண்டு என்னுடையதையும் பீச்சி ஊற்றினேன். அக்கா தினமும் வீடியோவில் குழந்தையைக் காட்டுவாள். குழந்தை போனைப் பிடுங்கி வாயில் வைக்கும். திரை இருண்டுபோகும்.

ஆறாம் வாரம் இரத்தம் சுத்தமாக இருந்தது. மறுபடி சோதித்தும் சுத்தம். அவரோடு நானும் குதிரையை நடத்திக்கொண்டு இறங்கினேன். ஊர் நெருங்கியதும் குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. குட்டி முதலில் விலகி நின்று முகர்ந்தது. பிறகு மடிக்கடியில் தலையை நுழைத்தது.

“குடிக்குதுங்க!” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நாமக்கல்லுக்கு, அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள், சிரித்தாள், மடியில் தூங்கினாள். ஆனால் பாலை மட்டும் அதற்கப்புறம் அவள் குடிக்கவே இல்லை.

இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னோடு ஒட்டிக்கொண்டுதான் திரிகிறாள். ஆனாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்காவிடம் கேட்கிறேன்: அந்த ஆறு வாரத்தில் எப்போது தவழ்ந்தாள், முதல் பல் மேலேயா கீழேயா, யாரைப் பார்த்து முதலில் கை தட்டினாள்?

“எத்தன வாட்டிடி சொல்றது?” என்பாள் அக்கா. பிறகு உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவாள்.