இருமச் சொல்லும் உத்தியோகம்

பெண்கள் ஆஸ்பத்திரி நர்சுக்கு ஊசி போடத் தெரிவதைவிட, "கொஞ்சம் இருமுங்கள்" என்று கெஞ்சத் தெரிய வேண்டும். வார்டில் நின்று நின்று கால் வீங்கிய சகோதரிகளே, யுத்த காலத்தில் சேலத்தில் நான் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

நோயாளி யார்?

சேந்தமங்கலத்திலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் குலுங்கி, அண்ணியும் நாத்தனாரும் வந்தார்கள். இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்றார்கள். யாருக்கு என்றேன். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து நாத்தனார்தான் அண்ணியைக் காட்டி உடைத்தாள்.

"எங்க நங்கையா பாவாயிக்குத்தானுங்க. கடைசிப் பிரசவத்துலருந்து ஏழு வருசமா சிரிக்கறதே இல்லீங்க. தையில பொண்ணுக்குக் கண்ணாலம், பந்தலுக்கே வரமாட்டேங்கறாங்க."

மரியாதை

மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லி, கசிவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா கத்தியைத் தொடுவார். பாவாயி பலமாகவே இருமினாள். ஒரு சொட்டு இல்லை. வியாதியே இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார் டாக்டரம்மா.

எனக்குச் சந்தேகம். ஓரமாக அழைத்துக் கேட்டேன். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் பல்லில் படவில்லையாம். வந்ததும் கொல்லைப்பக்கமும் போய் வந்தாளாம். ஏனம்மா என்றேன்.

"பெரிய டாக்டரு முன்னால அப்பிடி ஆகிப்போச்சுன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

தூளி

இரண்டு சொம்பு நீர்மோர் கொடுத்து இரும வைத்ததில் வியாதி ருசுவானது. வயிற்றுச் சதைமேல் இருக்கும் கெட்டிச் சவ்வில் ஒரு நாடா அளவு எடுத்து, மூத்திரக் குழாய்க்கு அடியில் தூளி போலக் கட்டித் தூக்கிவிடுவார்கள். இதைப் புருஷனுக்கு விளக்கிக் கைநாட்டு வாங்குவது என் வேலை. அவர் தோல்பறி கட்டி ஏற்றம் இறைக்கும் விவசாயி. மை தொட்ட விரலை நிறுத்திக் கேட்டார்.

"வவுத்துச் சவ்வு எத்தன நாளைக்குத் தாங்குமுங்க? ஏத்தத்துக்கு வாங்குன எருமத் தோலு புதுசா ஊட்டுல கெடக்குது, ஒரு வாரு அறுத்துட்டு வாரேனுங்க."

ஒரு சொட்டுக்காக

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சில நாள் கழித்து, மூத்திரம் வடிய வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்தோம். இப்போது ஒரு சொட்டும் வரவில்லை! தூளியை இறுக்கிவிட்டோமோ என்று பயந்தேன். நிற்கவில்லை என்று வந்தவளிடம், வரவில்லையே என்று மன்றாடினோம். மறுபடி குழாய் வைத்தோம், எடுத்தோம். சொம்பிலிருந்து தண்ணீரைச் சருவப் பாத்திரத்தில் ஊற்றி ஓசை காட்டினோம். பாவாயி அசையவில்லை. பக்கத்துக் கட்டில்காரிதான் நான்காம் தடவையாக எழுந்தாள்.

"நர்சம்மா, அவங்களுக்கு ஊத்தற தண்ணிக்கு எங்களுக்கெல்லாம் வருதுங்க, போதுமுங்க."

பந்தலில்

மூன்றாம் நாள் காலையில் தானாக வந்தது. நான் அழுதேவிட்டேன். அப்புறம் இருமச் சொன்னோம், தும்மச் சொன்னோம். சேலை காய்ந்தே இருந்தது.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். பந்தல் நடுவே உட்கார்ந்து, யார் எதைச் சொன்னாலும் சிரித்தாள். பெண்ணை அனுப்பும் நேரத்திலும் அடங்கவில்லை. பெற்றவள் இப்படியா சிரிப்பாள் என்று சம்பந்தியம்மாள் முகம் சுளித்தார். பாவாயி சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. ஏழு வருசத்துச் சிரிப்புங்க, எங்கயாச்சும் எறக்கி வெக்கோணுமில்லீங்க."

பெண்ணைப் பெற்றவளை அழவிடாமல் செய்துவிட்டார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த ஊரில் இன்னும் கெட்ட பெயர்தான்.