கடலை மென்றவர்

சிங்கப்பூரின் கிழக்கே சாங்கியில் நான் வாங்கிய பாய்மரப் படகை மேற்குக் கரைக்குக் கொண்டுவர, விற்றவரே துணைக்கு வந்தார். வெயிலில் கறுத்த, ஒட்டிய கன்னங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய கடலைப் பொட்டலம் கால்சட்டைப் பையில். கை அடிக்கடி அந்தப் பைக்குள் போகும். வாய் மென்றுகொண்டே இருக்கும்.

கப்பல்கள் போகும் வழியில் காற்று நின்றுவிட்டது. அடுக்குமாடிக் கட்டடம்போல ஓர் எண்ணெய்க் கப்பல் எங்களை நோக்கி வந்தது.

“அண்ணே, நாம இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது லா. நாமதான் ஒதுங்கணும்.”

மோட்டார்க் கயிற்றை இழுத்தார். உறுமிவிட்டு அணைந்தது. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவரோ மென்றுகொண்டிருந்தார். கடலை தின்கிறவரோடு இருக்கையில் சாவு வராது என்று நம்பினேன். மறு இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

கரையேறியதும், “சாப்பிடுங்க” என்று பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாங்கிப் பார்த்தேன். கடையில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது; அவர் அதைப் பிரிக்கவே இல்லை.