தங்கை எழுதிய ‘தா’

நான் படித்தது மூன்றாவது வரை. ஆனால் எங்கள் ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகள் குடியிருக்கிற முந்நூறு கூண்டும் என் கைவேலை. இதைச் சொல்லாமல் என் தங்கையைப் பற்றி ஆரம்பிக்க எனக்கு மனசு வராது.

அவள் அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. நான் சொல்லப்போகிறது நடந்த மாதம்தான் நிரந்தரம் ஆக்குவதாக இருந்தார்கள்.

மூளையில் சுரக்கிற குட்டிப் புரதத் துணுக்குகளைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி. அவற்றை வாங்கிக்கொள்ள மூளையில் ஏற்பிகள் உண்டாம். என் கூண்டுக்கு நான் செய்த கொண்டிதான் விழும். அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு துணுக்கு அதன் ஏற்பியில் விழுந்தால் எலிக்குத் தாகம் பிய்த்துக்கொண்டு வரும். இன்னொன்று விழுந்தால், குட்டியே போடாத எலிகூட அடுத்தவள் குட்டியைக் கவ்வி அணைத்துக்கொள்ளும்.

அன்று நான் கூண்டுக் கதவு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த இரண்டாவது துணுக்கில் செய்த தாய்மை மருந்து போட்ட ஐந்து எலிகளிடமும் குட்டிகளை விட்டார்கள். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு வருஷ உழைப்பு. மருந்து வேலை செய்யல" என்று, ஆராய்ச்சியை நடத்துகிற ஆராய்ச்சி அம்மா தன் அறைக்குப் போய்விட்டார்.

தங்கை மட்டும் நகரவில்லை. "அண்ணா, தண்ணிக் குழாயை விடவே மாட்டேங்குதுங்க, பாரு." பக்கத்து வரிசைக்குப் போனாள். அவை தாக மருந்து போட்டவை. தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. அங்கே ஒரு குட்டியை விட்டாள். எலி ஓடிவந்து கவ்விக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது.

அவள் ஓடிப்போய் மருந்துக் குப்பிகள் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு குப்பியில் தாகத்துக்கு ‘தா’ என்று அவள் எழுதியிருந்தாள். இன்னொன்றில் தாய்க்கு ‘தா’ என்று ஆராய்ச்சி அம்மா எழுதியிருந்தார். காலையில் குப்பிகளை மாற்றி எடுத்துக் கொடுத்தது இவள்.

"வாயைத் திறக்காதே. முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்" என்றேன்.

"உன் கூண்டுல கொண்டி கோணலாப் போனா மூடி மறைப்பியா?"

"நானா? மறைப்பேனா?"

"அப்ப சும்மா இரு."

என் வாயை அடைத்தவர்கள் இரண்டே பேர். மற்றவள் என் பெண்டாட்டி.

போய்ச் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சி அம்மா இரண்டு குப்பிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பாதித் தப்பு என்னுது. வேலை செய்யலன்னு நான் போனப்புறம் உன்னை யாரு பார்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா. தண்ணி குறைஞ்சுது, பார்த்தேன்."

"நாளைக்குப் புது எலிங்களை வச்சுத் திரும்பச் செய்வோம். குப்பியை நீயே எடுத்துக் குடு."

மறுநாள் எல்லாம் சரியாக வந்தது. மாதக் கடைசியில் வேலையும் நிரந்தரமானது. இப்போது குப்பியிலும் கூண்டுச் சீட்டிலும் முழுச்சொல்தான் எழுதுகிறாள். கூண்டில் சீட்டு செருகுகிற சட்டத்தில் இடம் போதவில்லை என்றாள். முந்நூறையும் அகலமாக்கிக் கொடுத்திருக்கிறேன். போனால் பாருங்கள், ஒன்றுகூடக் கோணல் இருக்காது.