லேபிள் பெட்டிக்குள் இருந்த குடோன்

ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அப்புறம் திருப்பூரில் பனியன் மடித்தேன். ஓசூரில் யு.பி.எஸ். பழுது பார்த்தேன். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இரவுக் காவலுக்குப் படுத்துக்கொண்டு, அங்கிருந்த பழைய மெஷினில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். எந்த ஊரிலும் அடுத்த தீபாவளி வரை இருந்ததில்லை. ராஜபாளையத்துக்கு வந்ததும் அப்படித்தான். ஒரு நூல் மில்லில் எடைத் தராசையும் லேபிள் பிரின்டரையும் இணைத்துத் தர ஆள் தேடினார்கள். வந்தேன்.

மில் பக்கத்தில் தனி ஆளுக்கு வீடு கொடுக்க யாரும் தயாராக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். சாப்பாடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம். பரோட்டா கடையில் "ஒரு செட், சால்னா" என்று சொல்வதுதான் சில நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சு. அதைப் பெரிய குறையாக நினைத்ததில்லை. பழகியிருந்தது.

மில்லுக்கு நான் செய்து கொடுத்தது டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. நூல் கோன்களைக் கட்டிய மூட்டையைத் தராசில் வைத்தால் எடை, நூல் ரகம், லாட் எண், கட்டியவர் பெயர் எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து நீட்டும். உள்ளே ஓடியது ஒரு குட்டிக் கணினி மொழி. வெளிநாட்டில் யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தது. சின்னப் பெட்டிக்குச் சின்ன மொழி போதும் என்று நினைத்தேன்.

லேபிள் மேசையில் ஒரு அக்கா இருந்தார். தளவாய்புரத்திலிருந்து மில் பஸ்ஸில் வருபவர். பல வருஷம் ஸ்பின்னிங் ஹாலில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி வீசிங் வந்துவிட்டது. பெட்டி வந்ததால் இந்த மேசை வந்தது, மேசை வந்ததால் அவரை இங்கே மாற்றினார்கள். பெட்டி போனால் மேசையும் போய்விடும், அவர் திரும்ப ஹாலுக்குத்தான் போக வேண்டும். இதை அவரே முதல் வாரத்தில் என்னிடம் சொல்லிவிட்டார்.

பெட்டி அடிக்கடி நின்றது. உடனே போன் வரும்.

"தம்பி, ஒங்க பெட்டி படுத்துருச்சு."

"என்னக்கா செஞ்சீங்க?"

"நான் என்னத்தச் செஞ்சேன்? நல்லா அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பேருல பாதிய அடிச்சிட்டு அப்படியே முழிச்சுக்கிட்டு நிக்குது."

பின்னாலிருந்து வேறொரு பெண்ணின் குரல் கேட்டது. "ஏட்டி, அதுக்கும் வீசிங்கா இருக்கும். ஒன் இன்ஹேலரை எடுத்து ஒரு அடி அடி."

சிரிப்புச் சத்தத்தோடு போன் வைக்கப்படும். நான் பஸ் ஏறுவேன்.

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "இந்த மாசம் வரைக்கும் பாப்பேன். பொறவும் நின்னுச்சுன்னா கழட்டிருவேன். பழையபடி ஆபீஸ்ல கையால எழுதிக்கிடுவோம். அந்தம்மா ஹாலுக்குப் போகட்டும்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதனால் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

என் புரோகிராமில் தவறு எதுவும் அகப்படவில்லை. அந்த மொழியின் உள்ளேயே இறங்கிப் படித்தேன். மெமரி என்பது மில் குடோன் மாதிரிதான். புரோகிராமில் வரும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும், அதாவது ஒவ்வொரு எழுத்துச் சரத்துக்கும், அங்கே இடம் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் விட வேண்டும். சிறு சொற்களுக்கு மட்டும் மொழியை எழுதியவர் ஒரு சலுகை வைத்திருந்தார். பதினைந்து பைட்டுக்குள், அதாவது ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்துக்குள், இருந்தால் குடோனுக்குப் போகாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். தமிழ் எழுத்து ஒன்றுக்கே மூன்று பைட், கொம்போ புள்ளியோ சேர்ந்தால் ஆறு. பேக்கிங்கில் இருந்த பெண்களின் பெயர்களில் ஒன்றுகூட அடங்கவில்லை. எல்லாம் குடோனுக்குப் போயின.

அது போதாதென்று, லேபிளின் ஒரு வரியைக் கட்டப் பெயரோடு லாட்டைச் சேர்த்து ஒரு புது நகல், அதோடு எடையைச் சேர்த்து இன்னொரு புது நகல் என்று போய்க்கொண்டிருந்தது. பழைய நகலை விட்ட இடங்களில் சின்னச் சின்ன இடைவெளிகள். அவற்றுக்கு நடுவே ஷிப்ட் முடியும்வரை நகராத பெயர்கள். கூட்டிப் பார்த்தால் குடோன் பாதி காலி. ஆனால் ஒரு முழு வரியைச் சேர்ந்தாற்போல் வைக்க இடமில்லை. அங்கேதான் பெட்டி நின்றது.

கைப்பையைப் பெரிதாக்கினேன். பெயர்கள் அதில் அடங்கின. மாற்றிய பெட்டியை மில்லில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் போன் வரவில்லை. மொழியை எழுதியவருக்கு என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு மெயில்கூட அனுப்பினேன், சரிசெய்துவிட்டேன் என்று.

பிரின்டருக்கு ஒரு கேபிள் மாற்ற மில்லுக்குப் போன அன்று டீ மணி அடித்தது. அக்கா எழுந்து பெட்டியின் சுவிட்சை அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"என்னக்கா பண்றீங்க?"

"டீ டைம்ல தம்பி."

"அதுக்கு எதுக்கு ஆஃப் பண்றீங்க?"

"அதுக்கும் செத்த நேரம் ரெஸ்ட் குடுக்கணும்ல. எங்கூர்ல தையல் மிஷினை எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவோம். இல்லன்னா மோட்டாரு சூடாயிரும்."

"இதுல மோட்டாரே கிடையாதுக்கா."

"சூடாத்தான இருக்கு? தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. விசாரித்தால், ஒரு வாரமாக எல்லா ஷிப்டிலும் ஒவ்வொரு டீக்கும் சாப்பாட்டுக்கும் அணைத்திருக்கிறார்கள். அணைத்தால் குடோன் முழுக்கக் காலியாகிவிடும். என் திருத்தம் அரைகுறை; பெயர்கள் கைப்பைக்கு வந்தாலும் வரிகளின் நகல்கள் குடோனை இன்னும் துண்டாக்கிக்கொண்டுதான் இருந்தன. பெட்டியை ஓட்டியது அவர்கள் கொடுத்த ஓய்வு. ஏதாவது ஒரு நாள் அவசர லாரி வந்து டீக்கு நேரமில்லாமல் போனால், மேனேஜர் கண்ணெதிரிலேயே அது நிற்கும்.

அறைக்குத் திரும்பி மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை குடோனை இரண்டாகப் பிரித்தேன். நிலையாக இருக்கும் பெயர்களுக்கு ஒரு பக்கம். ஒரு பெயரை ஒரே தடவைதான் வைக்க வேண்டும், பிறகு யார் கேட்டாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். வந்துபோகும் வரிகளுக்கு வேறு பக்கம். வரியின் மொத்த நீளத்தை முதலிலேயே கூட்டி ஒரே தடவை இடம் வாங்கு, லேபிள் வெளியே வந்ததும் அந்தப் பக்கம் முழுவதையும் துடைத்துவிடு. எழுத வரிகள் அதிகமில்லை. எங்கும் ஓட்டை இல்லாமல் பார்க்கத்தான் நாளானது. அந்த நாட்களில் பரோட்டா கடைப் பையன் நான் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு செட் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்ததால், நான் பேசும் அந்தப் பேச்சும் குறைந்தது.

மில்லில் பெட்டியை மாற்றிவிட்டு அக்காவிடம் சொன்னேன். "இனிமே ஆஃப் பண்ணாதீங்க."

"நின்னா?"

"நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பு ஏத்துக்கிடுவீக. தூசியை நான்ல திங்கணும்."

அக்கா பெட்டியிலேயே 'ஆஃப் பண்ணாதே' என்று ஒரு லேபிள் அடித்து, சுவிட்சின் மேல் ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தினார். "அடுத்த ஷிப்ட்டுக்காரிகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போங்க."

போனேன். மறுநாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் நடந்தேன். வனத்துறைச் சாவடி தாண்ட விடமாட்டார்கள், ஆனால் அதற்கு முன்னாலேயே சிக்னல் போய்விடும். அது போதும். ஒரு பாறையில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். சிக்னல் வந்த பிறகும் போன் சும்மா இருந்தது. தவறிய அழைப்பு எதுவும் இல்லை.

மாசம் முடிந்தது. மொழியை எழுதியவர், நான் அனுப்பிய இரண்டாவது திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதாக இரண்டு வரி எழுதியிருந்தார். மில்லிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கடைசியில் நானே போன் செய்தேன்.

"ஓடுதாக்கா?"

"ஓடுது தம்பி. நிக்கவே இல்ல. மேனேஜர் வருஷத்துக்கு வேண்டிய லேபிள் ரோலு மொத்தமா வாங்கிப் போட்டுட்டாரு. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல. ராத்திரி தூங்குதேன்." பின்னால் தராசில் மூட்டை விழும் சத்தமும் பிரின்டர் ஓடும் சத்தமும் கேட்டன. "வேற என்ன தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் இருக்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "சரி, மூட்டை வந்துருச்சு, வைக்கேன்" என்றார்.

அந்த வாரமே வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு பம்பு செட் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.