கை பழகுவதற்கு முன் வந்தவர்

சேலத்தில் நான் சிறுநீரக அறுவை மருத்துவர். வயிற்றைத் திறந்து, வீங்கிய புராஸ்டேட் சுரப்பியை எடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், சிறுநீர் வரும் பாதை வழியாகவே லேசரை விட்டு எடுக்கும் முறை வந்தபோது, நாமும் செய்தே ஆகவேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை. கோயம்புத்தூரில் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். மெஷினும் வாங்கிப் போட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் வந்தவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். அறுபது வயது தாண்டியவர், சர்க்கரை நோயும் உண்டு. புதிதாகச் சேரும் வெல்டரை ஆறு மாதத்துக்கு வாடிக்கையாளர் வண்டியில் கை வைக்க விடாதவர். அப்படிப்பட்டவர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், இந்த லேசரு நீங்க எத்தன பேருக்குப் பண்ணியிருக்கறீங்க?"

"நெறையப் பண்ணியிருக்கறனுங்க," என்றேன்.

தனியாக நான் செய்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். சீனியர் செய்யும்போது பார்த்தவை, பழைய முறையில் செய்தவை எல்லாவற்றையும் வாய் கூசாமல் சேர்த்துக்கொண்டேன். பழைய முறையும் இருக்கிறது, அதில்தான் எனக்குக் கை பழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையே செய்யச் சொல்லிவிடுவார் என்று பயம்.

லேசருக்கே சம்மதித்தார். இரண்டு மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் நான்கு மணி நேரம் ஆனது. சிறுநீரை அடக்கும் தசையின் பக்கம் கருவியை அளவுக்கு மீறி அழுத்திவிட்டேன். தையல் இல்லை, பெரிய வலி இல்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். ஆனால் இருமினாலும் எழுந்தாலும் வேட்டி நனைந்தது. சில மாதங்களில் சரியாகும் என்றேன். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும். அவருக்கு ஆகவில்லை. கல்யாணங்களுக்கு மனைவியை மட்டும் அனுப்பத் தொடங்கினார். பந்தியிலிருந்து நாலு பேர் பார்க்க எழுந்திருக்க முடியவில்லை என்றார்.

அதன்பின் பலர் வந்தார்கள். கை பழகியது. எல்லாரும் நன்றாகத் திரும்பிப் போனார்கள். அவர்கள் புகழும்போது எனக்கு முகம் கொடுத்துப் பேசக் கூச்சமாக இருக்கும். யார்மீது பழகிய கை என்று எனக்குத்தானே தெரியும்.

இரண்டு வருடம் கழித்துத் தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார். அதே நோய், அதே லேசர். தம்பிக்கு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அண்ணன் கட்டில் ஓரமாக வந்து நின்றார். தனக்கு மட்டும் ஏன் இப்படி ஆனது என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தும் வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. தம்பியிடம் சொன்னார்: "டாக்டருக்கு ராசியான கைடா. நாந்தான் சர்க்கரையக் கவனிக்காம உட்டுப்போட்டேன். எம்மேலதான் தப்பு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.