லண்டன் துப்பாக்கியின் கட்டை

எங்கள் வீட்டில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. லண்டன் துப்பாக்கி என்போம். அந்தமானில், எங்கள் கராச்சர்மாவில் வேறெந்தத் தமிழர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. இதை இன்றைக்கும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்கிறேன். சண்டைக்காலத்தில் தீவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் போன பிறகு திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது என்பார்கள். அந்தத் தாத்தா செத்த பிறகு அப்பா அதைக் கொண்டு மான் விரட்டினார். அப்போதெல்லாம் இங்கே வீடுகளைவிட மான்கள் அதிகம். விடிவதற்குள் பாக்குக் கன்றுகளை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன அப்பாவிடம், படிவத்தில் துப்பாக்கி செய்தவர் பெயரும் ஊரும் காலியாக இருக்கிறது, எழுதிக்கொண்டு வா, இல்லையென்றால் போலீஸ் தாணாவில் ஒப்படைத்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு லண்டன் என்று எழுதிவிடலாம். செய்தவன் பெயருக்கு எங்கே போவது?

பக்கத்து டாலிகஞ்சில் ஒரு சர்தார்ஜி இருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர், தமிழ்ச் சிப்பாய்களோடு இருந்து தமிழும் பேசுவார். அப்பா அவரை அழைத்துவந்து முற்றத்தில் பாய் விரித்தார். அம்மா டீ வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். எழுத்துகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. என் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் அன்றைக்கு வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சர்தார்ஜி குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில் முட்டை போன்ற வட்டத்துக்குள் மூன்று எழுத்து.

"ஈ, எல், ஜி!" என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தேன்.

அவர் சிரித்தார். "லண்டன் நஹி பாய். பெல்ஜியம். சஸ்தா மால், மலிவுச் சரக்கு. ஊர் முத்திரைதான் இருக்கு, செஞ்சவன் பேர் இல்லே."

"நல்லாப் பாருங்க சர்தார்ஜி. துரை குடுத்தது" என்றார் அப்பா.

"அப்போ துரை உங்க அப்பாவை ஏமாத்திட்டாரு. இல்லேன்னா உங்கப்பா உங்களை ஏமாத்திட்டாரு."

அதுவரைக்கும் சிரிப்புதான்.

பிறகு அவர், கறுப்புப் பூசியிருந்த மரக்கட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது. "அரே, இது நம்ம காட்டுப் படாக் மரம்! இரும்புதான் விலாயத்தி, சீமையிலேர்ந்து வந்தது. கட்டை இங்கே செஞ்சது. நல்ல தச்சு மிஸ்திரி கை." மிஸ்திரியின் குறி ஏதாவது இருக்கும் என்று, தோளில் பதியும் முனையிலிருந்த தகட்டைத் திருகிக் கழற்றினார்.

ஒரு சின்னச் சிலுவை. அதன் கீழே முதுகோடு முதுகாக இரண்டு மீன்கள்.

"இது அம்மாவோட தேங்காய் துருவுற பலகையிலே இருக்கே! தாத்தா போட்ட குறி!" என்று குதித்தேன்.

அம்மாவைப் பெற்ற தாத்தா படகு கட்டியவர். கைபட்ட எதிலும் அந்தக் குறியைச் செதுக்காமல் விடமாட்டார். யாரோ ஒளித்துவைத்திருந்த துப்பாக்கிக்குக் கட்டை செய்தார் என்று ஜப்பான்காரன் காலத்தில் அவரை இழுத்துப்போய், யாருடையது என்று கேட்டு மூன்று நாள் அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. வீண்பழி என்றே அம்மா நம்பியிருந்தாள். தகப்பனில்லாத அந்தப் பெண்ணைத்தான் அப்பாவைப் பெற்ற தாத்தா தேடிப்போய், பொட்டுத் தங்கம் கேட்காமல் மருமகளாக்கிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று அதையும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவோம்.

அம்மா உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நான்கு மீன்களையும் விரலால் தடவினாள்.

"ஏங்க, ஜப்பான்காரன் போன பொறவு வந்த துப்பாக்கியிலே எங்கய்யா குறி எப்படி வந்துச்சு?"

அப்பா தகட்டை எடுத்து அந்தக் குறியின்மேல் வைத்து மூடினார். அவருக்கு முன்பே தெரியுமா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். சர்தார்ஜி டீயைக் குடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தாணாவுக்குக் கிளம்பினார். நான் பென்சிலோடு பின்னால் ஓடினேன்.

"செஞ்சவர் பேருதானேப்பா கேட்டாங்க? தாத்தா பேரு எனக்கு எழுதத் தெரியும்ப்பா. நான் எழுதித் தரேன்!"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, நடையைத்தான் எட்டிப் போட்டார். பாவம், லண்டன் இல்லை என்று சர்தார்ஜி சொன்னது அவ்வளவு உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.