எண்ணெய் குடித்த எஞ்சின்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன லாரி நின்றது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விட்டார்களே, அதில் என் வீட்டுக்காரர் எடுத்தது. பின்னால் திறந்த பெட்டி, முன்னால் டீசல் எஞ்சின். தூத்துக்குடியில் எங்களுக்குத் தெரிந்த லாரியெல்லாம் பெட்ரோலில்தான் ஓடின. பெட்ரோலுக்கோ ரேஷன். அதனால் இவர் தலையில் கொம்பு முளைத்த மாதிரி நடந்தார். உப்பளத்து மூட்டையைத் துறைமுகத்துக்கு ஏற்றினார், திரேஸ்புரத்துக் கருவாட்டை விளாத்திகுளம் சந்தைக்குக் கொண்டுபோனார். கொஞ்ச காலத்தில் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தது. காலி வண்டியே பாலம் ஏறத் திணறியது. கடைசியில் மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் நிறுத்தினார்கள். தெருவே நின்று சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டறைக்காரர்கள் டீசல் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். சரி, வீட்டிலேயே பிரித்துவிடுவோம் என்று இவர் இறங்கினார்.

அந்தக் கோடையில்தான் இவருடைய அண்ணன் ஊருக்கு வந்தார். கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"ஏலே, எத்தனை நாளைக்கு இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழுவ? நான் கெளம்புறதுக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா இரு. ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு எங்கூட வா. கடையில நம்பிக்கையான ஆளு வேணும்" என்றார்.

"சரிண்ணே" என்று இவர் தலையை ஆட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

என் அப்பாவும் கொழும்புக் கடைக்குப் போனவர்தான். எப்போதாவது வருவார். பெட்டி நிறையச் சாமான் இருக்கும். எனக்கு அவரிடம் போகக் கூச்சமாக இருக்கும். கூச்சம் தெளிந்து மடியில் உட்காரும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை போனவர் வரவே இல்லை. காய்ச்சலில் அங்கேயே முடிந்துபோனது. அடக்கம் பண்ணிய பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. அம்மா அழுவதற்கு ஒரு உடம்புகூடக் கிடைக்கவில்லை. கொழும்பு மாப்பிள்ளை வேண்டாம் என்று வந்த சம்பந்தங்களைத் தட்டிக்கழித்தவள் நான். ஆகையால் அந்த எஞ்சின் ஓட வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் வெறி.

துறைமுகத்தில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சினைப் பழுதுபார்க்கும் ஒரு பிட்டர் துணைக்கு வந்தார். மணப்பாட்டுக்காரர், பேச்சு குறைவு. மூன்று பனந்தடியை மேலே சேர்த்துக் கட்டி, கப்பி மாட்டி, எஞ்சினை இருவருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். திறந்து பார்த்தால் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"உப்பள ரோட்டு மண்ணு. காத்தோட மண்ணையும் சேத்து இழுத்திருக்கு. புது ரிங் போட்டாலும் மண்ணு அதையும் தின்னுரும்" என்றார் பிட்டர்.

சிலிண்டருக்குள் புதுக் குழல் இறக்கி ரிங்கை மாற்றினார்கள். மண்ணுக்கும் வழி பண்ணினார்கள். ஏலச் சாமான் கடையில் தேடி, பெரிய ராணுவ லாரியில் இருந்த காற்று வடிகட்டி ஒன்றை வாங்கி வந்து மாட்டினார்கள். தகர டப்பா மாதிரி இருக்கும். அடியில் எண்ணெய் நிற்கும். குழாய் வாய் வழியாக வரும் காற்று அந்த எண்ணெயை உரசிக்கொண்டு போகும்போது மண் அதில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்று மட்டும் எஞ்சினுக்குப் போகும். டப்பாவுக்குள் ஒரு கோடு உண்டு, அதற்கு மேலே எண்ணெய் நிற்கவே கூடாது என்று பிட்டர் இவரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் மற்ற யாருக்கும் அது தெரியாது.

வேலை நடந்த நாளெல்லாம் என் சீர்த் தாம்பாளத்தில் வால்வு ஊறியது. சோற்றில் மண்ணெண்ணெய் வாடை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஒவ்வொரு சாமானாகத் துடைத்துக் கொடுத்தேன். ராத்திரி படுத்தால் ரிங், பிஸ்டன் என்று இவர் எனக்குப் பாடம் நடத்துவார். நாள் நெருங்க நெருங்க அதுவும் நின்றுபோனது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஸ்டார்ட் பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பூசை முடிந்து வந்துவிடுகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று பிட்டர் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். ஆனால் அண்ணன் பஞ்சாங்கம் பார்த்து வைத்த நேரம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"நல்ல நேரம் தப்பிரும்லே. அவரு வந்து என்ன செய்யப்போறாரு? எல்லாம் பூட்டியாச்சுல்லா" என்றார்.

லாரிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். இவர் முன்பக்கம், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கற்பூரத் தட்டோடு சுற்றி வந்தவர், மூடாமல் இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். எண்ணெய் பாதிதான் இருந்தது.

"நல்ல காரியத்துக்கு யாராவது அரைகுறையா வைப்பாங்களா? நிறைநாழி வைக்கிற வீடு இது" என்று முணுமுணுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னை எடுத்து விளிம்புவரை ஊற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடியையும் அவரே இறுக்கினார். கடைக்காரக் கை. நிறைத்துத்தான் பழக்கம். தம்பியைக் கூட்டிப் போக வந்த மனிதர் வண்டி ஓட வேண்டுமென்று கும்பிடுகிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது.

ஹேண்டிலைச் சுழற்றினார்கள். எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. என்ன ஒரு சத்தம், அப்படி ஒரு சீரான சத்தம். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை, சத்தம் ஏறியது. வண்டிக்குள் யாரும் இல்லை, யாரும் எதையும் மிதிக்கவில்லை. அதுவாகவே ஏறியது. இவர் ஓடிப்போய் நிறுத்துகிற கம்பியை இழுத்தார். நிற்கவில்லை. வெள்ளைப் புகை வீட்டை மூடியது. ஓட்டுச் சில்லு ஒன்று கூரையிலிருந்து சரிந்து விழுந்தது.

"சாவிய அணைலே, சாவிய அணை" என்று அண்ணன் கத்தினார். பெட்ரோல் வண்டி மட்டுமே பார்த்தவர். டீசலுக்கு நெருப்புப் பொறியே கிடையாது, எந்தச் சாவியை அணைப்பது?

இவர் ஸ்பேனரை எடுத்து டீசல் குழாயையே கழற்றினார். டீசல் பீறிட்டு மண்ணில் கொட்டுகிறது, எஞ்சின் இன்னும் வேகமாக ஓடுகிறது. சத்தம் அலறலாக மாறியது. வண்டி முழுவதும் துள்ளியது. அண்ணன் தெருவுக்கு ஓடிவிட்டார். இவர் நகரவில்லை. அதன் மேல் குனிந்தபடி, "நில்லு, நில்லு" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். வெடித்தால் முதலில் போவது அவர் முகம்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போது என் சேலைத் தலைப்பு டப்பாவின் குழாய் வாய்ப்பக்கம் விருட்டென்று போய் ஒட்டியது. இது மூச்சு இழுக்கிற இடம் அல்லவா, என்று தோன்றியது. தலைப்பை வெடுக்கென்று பிடுங்கினேன். தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவி, அந்த வாயில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். சாக்கு உள்ளே போகப் பார்த்தது. என் கையையும் சேர்த்து இழுத்தது, குழாய் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. உடம்பு பாரத்தையெல்லாம் அதில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். பயமா என்று கேட்டால், செத்தேன் என்றே நினைத்தேன். எஞ்சின் விக்கியது, ஒரு உதறு உதறியது, நின்றது.

காது அடைத்துப்போயிருந்தது. இவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

பிட்டர் வந்து டப்பாவைத் திறந்தார். "இந்த எண்ணெயக் குடிச்சுத்தான் ஓடியிருக்கு. டீசல அடைச்சா எப்படி நிக்கும்?" என்றார். மெதுவாகக் கையால் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றியது. "ஒரு சேதமும் இல்ல. கோடு வரைக்கும் ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

"நாளைக்குப் பாப்போம்" என்றார் இவர்.

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் வண்டி நின்ற பக்கமே போகவில்லை. அண்ணன் வேண்டுமென்றே ஊற்றினாரோ என்றுகூட எனக்கு ஓடியது. ஆனால் அந்த மனுஷன் முகம் வெளுத்து, என் கையில் கட்டிய துணியைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் நிலைக்கவில்லை. கோபமெல்லாம் இவர்மேல்தான். கொழும்புக்குப் போட்டுப் போக இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

"ஓடுற வண்டிய நிறுத்திப் போட்டுட்டு எங்க போறீங்க?" என்றேன்.

"ஏளா, எனக்குப் பயமா இருக்கு. அந்த ஹேண்டிலத் தொட முடியல. விட்டுரு."

அதை ஒளிக்காமல் சொன்னார் பாருங்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேரே வண்டியிடம் போனேன். டப்பாவைத் திறந்து எண்ணெய் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து மூடினேன். ஹேண்டிலைத் தூக்கி முன்பக்கம் சொருகினேன். முழு பலத்தையும் போட்டுத் தள்ளினேன். கால் சுற்றுகூட வரவில்லை. வளையல் ரெண்டு உடைந்தது. மறுபடியும் தள்ளினேன்.

"ஏய், விடு. உள்ள அடையுற காத்த விடுற லிவரத் தூக்காம சுத்துனா திருப்பி அடிக்கும். மணிக்கட்டு போயிரும்" என்று ஓடிவந்தார்.

"போகட்டும். நீங்க கொழும்புக்குப் போனப்புறம் எனக்குக் கை எதுக்கு?"

என்னைத் தள்ளிவிட்டு ஹேண்டிலை அவர் பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். நான் காத்திருந்தேன். பிறகு லிவரைக் காட்டி, "அதத் தூக்கிப் பிடி. விடுன்னா விடு" என்றார். சுற்றினார். விடு என்றார், விட்டேன்.

ஓடியது. ஏறவில்லை, சீராக ஓடியது. சத்தம் கேட்டு வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ நீ வரல" என்றார்.

"வரலண்ணே."

அந்த வாரம் அண்ணன் தனியாகத்தான் போனார். தைத்து வந்த சட்டைகளை இவர் உப்பு மூட்டை ஏற்றப் போட்டுக்கொண்டார். வண்டி அதற்குப் பிறகு எத்தனையோ காலம் ஓடியது. ஓடிய காலமெல்லாம், காலையில் ஹேண்டிலைக் கையில் எடுத்ததும் இவர் பயத்தில், "நில்லுன்னா நில்லு" என்று வாய்க்குள் அதனிடம் சொல்லிக்கொள்வார். ஊரில் ஒருத்தருக்கும் அது தெரியாது. லிவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரியும்.